பழைய இழைப்புளியைப் புதுப்பிக்கலாமா, அப்படியே விடலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காயலான் கடையில், எடைக்குப் போட்ட இரும்புக்கு நடுவில்தான் அதை முதலில் பார்த்தேன். உடைந்த தையல் மிஷின் காலுக்கும் சைக்கிள் ரிம்முக்கும் இடையில் கிடந்தது. இழைப்புளிதான், ஆனால் பட்டறைகளில் நாம் பார்க்கிற இழைப்புளி இல்லை. வழக்கமானதற்கு அடிப்பாகம் பலகை மாதிரி மட்டமாகவும் கனமாகவும் இருக்கும். இதற்கு அடியில் இருந்தது மெல்லிய எஃகுப் பட்டை ஒன்றுதான். அந்தப் பட்டையின் இரண்டு முனைகளையும் மேலிருந்து இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருந்தன. முன்பக்கம் உள்ளங்கை கொள்ளும் அளவுக்கு ஒரு குமிழ். அதைத் திருகினால் பட்டை வில் போல வளைய வேண்டும். ஒரு பக்கம் திருகினால் குழிந்த மரத்தை இழைக்கலாம், மறுபக்கம் திருகினால் குவிந்த மரத்தை இழைக்கலாம். வட்ட மேசை விளிம்பு, வளைவு வைத்த ஜன்னல் சட்டம் மாதிரி வேலைகளுக்கான கருவி. வளைவு இழைப்புளி என்று சொல்லிக்கொள்வோம். என் கைக்கு வந்ததில் குமிழ் அசையவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அதைத் துடைக்கக்கூட இல்லை. காரணம் இருக்கிறது. அதற்குப் பல வருடம் முன்பு என்னிடம் ஒரு மர இழைப்புளி வந்திருந்தது. முன்முகத்தில் ஏதோ எழுத்துகள் அச்சடித்திருந்தன. அழுக்கு என்று நினைத்து உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று ஆக்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த எழுத்துகள்தான் செய்தவரின் பெயர். இன்றுவரை அந்த இழைப்புளி யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் துரு எடுப்பதைவிட, எடுக்கலாமா என்று முடிவெடுப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். தேய்க்கிற வேலையை எந்த ஞாயிற்றுக்கிழமையும் செய்துகொள்ளலாம். தேய்த்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

முதல் படி: கையைக் கட்டிக்கொண்டு படம் எடுங்கள்

கம்பி பிரஷ், எமரித் தாள், துரு எடுக்கும் திரவம் எதுவும் வேண்டாம். எண்ணெய்கூட இப்போது வேண்டாம். எண்ணெய் விட்டால் அழுக்கும் துருவும் குழம்பி, கீழே இருக்கும் மெல்லிய முத்திரைகளை மூடிவிடும்.

நல்ல பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படம் எடுங்கள். முன்முகம், பின்முகம், இரண்டு பக்கங்கள், அடிப்பாகம், வாய் (பிளேடு வெளியே எட்டிப் பார்க்கும் அடித்திறப்பு), எல்லாம் வேண்டும். கழற்ற முடிந்தால் பிளேடின் இரண்டு பக்கங்களும் அதன் கீழே உள்ள படுகையும். நேராக விழும் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். கூட வந்த திருகு, வாஷர், துண்டுத் தகடு எதையும் தூக்கிப் போடாதீர்கள். அபூர்வமான கருவிகளில் இந்தச் சின்னச் சாமான்கள்தான் பிறகு எங்கே தேடினாலும் கிடைக்காதவை.

மர இழைப்புளி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். சின்னத் துளைகள் இருந்து, கீழே வெள்ளைத் தாள் விரித்து இரண்டு நாள் விட்டதில் புதிதாக மாவு போலத் தூள் விழுந்திருந்தால், உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. உடனே காற்றுப் புகாத பையில் கட்டி மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். கட்டிய பையோடு ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைப்பது, மருந்து படாமல் பூச்சியைக் கொல்ல நல்ல வழி. வெளியே எடுத்த பிறகு, அறையின் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். திறந்தால் மரத்தின் மேல் வியர்த்துவிடும்.

இரண்டாம் படி: அது யார் என்று கேளுங்கள்

புதுப்பிக்கலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடும். உங்களிடம் இருப்பது இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஒன்றா, இல்லை அரிதானதா?

இரும்பு இழைப்புளிகளில் நமக்கு அதிகம் தெரிந்த அமைப்பு லியோனார்ட் பெய்லி என்ற அமெரிக்கருடையது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் ஊரிலிருந்த ஸ்டான்லி ரூல் அண்டு லெவல் கம்பெனி 1869-ல் அவருடைய இழைப்புளித் தொழிலை வாங்கியது. அதன்பின் உலகம் முழுக்கப் போனது அந்த அமைப்புதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்ட் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் செய்யத் தொடங்கியதும் இதே அமைப்பைத்தான். இவற்றை மாடல் எண்ணால்தான் அழைப்பார்கள். 4-ம் எண், 5-ம் எண் இழைப்புளிகள் எங்கும் கிடைப்பவை. உங்களிடம் இருப்பது பிற்காலத்துச் சாதாரண 4-ம் எண் என்றால், தயங்காமல் சுத்தம் செய்து வேலைக்கு எடுங்கள். அது போல இன்னும் எத்தனையோ இருக்கின்றன. இந்த வழிகாட்டி அதற்காக எழுதியது இல்லை.

தயங்க வேண்டியவை வேறு. வளைவு இழைப்புளி அதில் ஒன்று. ஸ்டான்லியின் 113-ம் எண் 1870களின் பிற்பகுதியில் வந்து இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை இருந்தது. பள்ளம், வரி, மோல்டிங் எல்லாவற்றையும் ஒரே உடம்பில் செய்யும் 45-ம் எண்ணும், அதைவிடச் சிக்கலான 55-ம் எண்ணும் இன்னொரு வகை. 55-க்கு ஐம்பதுக்கு மேற்பட்ட பிளேடுகள் மரப்பெட்டிகளில் வரும். வெறும் ஐந்தரை அங்குல நீளமுள்ள 1-ம் எண், சேகரிப்பவர்கள் தேடி அலைகிற ஒன்று. பிரிட்டனில் செய்த, எஃகுக் கூட்டுக்குள் மரம் இறக்கிய இழைப்புளிகள் தனி வம்சம். ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்து ஸ்பியர்ஸ், லண்டன் நாரிஸ் போன்றவர்கள் செய்தவை அவை. எஃகுத் தகடுகளைப் புறாவின் வால் போல விரிந்த பற்களால் ஒன்றோடொன்று கோத்து அடித்து, நடுவில் ஈட்டி மரமோ வேறு கடின மரமோ இறக்கியிருப்பார்கள். கடைசியாக, 18, 19-ம் நூற்றாண்டு மர இழைப்புளிகள்.

அடையாளம் பார்க்கும்போது மூன்று இடங்களில் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒன்று, காப்புரிமைத் தேதி. ஸ்டான்லி உடம்பில் மார்ச் 25, 1902, ஆகஸ்ட் 19, 1902, ஏப்ரல் 19, 1910 என்று மூன்று தேதிகள் வார்க்கப்பட்டிருப்பது சகஜம். அதைப் பார்த்து 1902-ல் செய்தது என்று முடிவு கட்டிவிடுவார்கள். கடைசித் தேதிக்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள்.

இரண்டு, பிளேடு முத்திரை. பிளேடு தேயும், மாற்றுவார்கள். இதய வடிவத்துக்குள் எழுத்துள்ள ஸ்டான்லி முத்திரை 1920களை ஒட்டியது. ஸ்டான்லி வொர்க்ஸ் நிறுவனத் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டின் பெயரை வைத்து வந்த இதயம் அது. ஆனால் அந்த பிளேடு அதைவிட முப்பது வருடம் மூத்த உடம்பிலும் உட்கார்ந்திருக்கலாம். என் வளைவு இழைப்புளியிலும் அப்படித்தான். உடம்பு ஒரு ஊர், பிளேடு ஷெஃபீல்டு.

மூன்று, அந்த பிளேடில் இருந்த ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற எழுத்து. இதை வார்ப்பிரும்பு என்று புரிந்துகொண்டு மலிவான பிளேடு என ஒதுக்குகிறவர்கள் உண்டு. மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்பாத்திரத்தில், உருக்கி எடுத்த நல்ல எஃகு என்று அர்த்தம். ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மேன் 1740களில் கொண்டுவந்த முறை அது. பழைய பிளேடுகளில் பெரும்பாலும் மெல்லிய எஃகுப் பட்டையை மிருதுவான இரும்போடு சூட்டில் அடித்து ஒட்டியிருப்பார்கள். சாணை பிடித்த சரிவை உற்றுப் பார்த்தால் இரண்டு நிறமாகக் கோடு தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் அந்த பிளேடைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மர இழைப்புளியில் முத்திரை எங்கே என்றால், பெரும்பாலும் முன்முகத்தில், நார் முனை தெரியும் இடத்தில். செய்தவரின் பெயரோடு, பின்னால் அதை வைத்திருந்த தச்சர்களின் பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தியிருக்கும். இந்த எழுத்துக்கு என்ன பெறுமானம் என்று கேட்பவர்களுக்கு நான் சீசர் செலர் பற்றிச் சொல்வேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ரெந்தம் என்ற ஊரில், பிரான்சிஸ் நிக்கல்சன் என்ற இழைப்புளி செய்பவரிடம் அடிமையாக இருந்த கறுப்பினத்தவர் செலர். 1753-ல் நிக்கல்சன் இறந்தபோது விடுதலை பெற்று, அதே தொழிலைத் தன் பெயரில் செய்தார். தான் செய்த இழைப்புளிகளின் முன்முகத்தில் தன் பெயரையும், ரெந்தமில் வாழ்பவர் என்பதையும் குத்தினார். அடிமையாக இருந்த ஒரு மனிதர் தன் பெயரைத் தானே மரத்தில் பதித்திருக்கிறார். அப்படி ஒன்றில் யாராவது உப்புத்தாள் போட்டிருந்தால் எதை அழித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். என் கையில் அழிந்தது அவ்வளவு பெரிய பெயராக இருந்திருக்காது. ஆனாலும் ஒரு பெயர்தான்.

மூன்றாம் படி: உடம்பு சோதனை

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனாலும் பரவாயில்லை.

முதலில் தட்டிப் பாருங்கள். பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, அதேதான். கழற்ற முடிந்த பாகங்களைக் கழற்றிவிட்டு, உடம்பை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, சின்ன மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். முழு வார்ப்பு என்றால் மணி போல இழுக்கும். விரிசல் இருந்தால் செத்த சத்தம் வரும். வார்ப்பிரும்பு அடி தாங்காது, கீழே விழுந்தால் விரியும். அதிகம் விரிவது வாயின் மூலைகளிலும் பக்கச் சுவர்களிலும்.

சத்தத்தில் சந்தேகம் வந்தால் மண்ணெண்ணெய்ச் சோதனை. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நன்றாகத் துடைத்துவிடுங்கள். அதன்மேல் சாக்பீஸ் தூளைப் பரவலாகப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு வரும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

அடுத்து, காணாமல் போன பாகங்கள். சாதாரண 4-ம் எண்ணில் எது இல்லாவிட்டாலும் வேறொரு 4-லிருந்து எடுத்துப் போட்டுவிடலாம். அபூர்வமான இழைப்புளியில் அது நடக்காது. 45-ம் எண் கிடைத்தால் நகரும் பக்க உடம்பு, வேலித்தடுப்பு (பலகையின் விளிம்பை ஒட்டி ஓடி, வெட்டு விலகாமல் காக்கும் பாகம்), நீளக் கம்பிகள், குட்டைக் கம்பிகள், ஆழம் நிறுத்தும் தகடு, நாரை முன்கூட்டி வெட்டும் சின்னக் கத்திகள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். வேலித்தடுப்பு இல்லாத 45-ஐ எவ்வளவு பளபளப்பாக்கினாலும் அது வேலை செய்யாது. அதைப் புதுப்பிக்க உட்கார்வதில் பலன் இல்லை. பாகங்கள் தேவைப்படும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதில் இரண்டு கருவிகளுக்கும் நியாயம் செய்த மாதிரி.

மரை தனிக் கதை. ஸ்டான்லி கைப்பிடியைப் பிடித்திருக்கும் கம்பியில் 12-ம் எண் திருகு, அங்குலத்துக்கு 20 சுற்று. இன்று எந்த ஹார்டுவேர் கடையிலும் அந்த அளவு கிடைக்காது. பிரிட்டிஷ் கருவிகளில் 55 பாகை கோணமுள்ள விட்வொர்த் மரை இருக்கும். இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60. இரண்டு சுற்று சரியாகப் போகிற மாதிரி இருக்கும், மூன்றாவதில் உடம்பின் மரையைத் தின்றுவிடும். ஏதோ ஒரு போல்ட்டை அழுத்தித் திருகிப் பார்க்கும் வேலையே வேண்டாம். தேவையென்றால் நல்ல லேத் பட்டறையில் பழைய மரையைக் காட்டி ஒன்று கடைந்துகொள்ளுங்கள். இன்னொன்று, ஸ்டான்லி இழைப்புளிகளில் பிளேடை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரம் பெரும்பாலும் இடது மரை. இறுகிப்போயிருக்கிறது என்று எண்ணித் தப்பான பக்கம் குறடு போட்டு முறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

துருவில் இரண்டு வகை. விரல் நகத்தால் சுரண்டினால் செம்பொடியாக வருவது மேல்துரு, அதற்குப் பயப்பட வேண்டாம். குழி குழியாக இறங்கியிருந்தால் எங்கே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். உடம்பின் பக்கத்தில் குழி இருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும். பிளேடின் பின்பக்கத்தில், வெட்டும் முனையை ஒட்டிக் குழி இருந்தால் அந்த பிளேடு சுத்தமாக இழைக்காது.

வளைவு இழைப்புளிக்கு மட்டும் ஒரு தனிச் சோதனை உண்டு. அந்த எஃகுப் பட்டையைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வளைவு ஒரே சீராக ஓட வேண்டும். எங்காவது முடக்கு விழுந்திருந்தால், அதிலும் வாய்க்குப் பக்கத்தில் விழுந்திருந்தால், அதை நேராக்குவது மிகவும் கஷ்டம். பட்டையின் இரண்டு முனைகளும் ஒரே அளவு நகர்கின்றனவா என்று பாருங்கள். என்னுடையதில் இரண்டு கைகளின் உட்புற முனைகளும் பல்சக்கரம் போல ஒன்றோடொன்று கவ்வியிருந்தன. ஒரு பக்கம் எவ்வளவு போகிறதோ அதே அளவு மறுபக்கமும் போகும். அந்தப் பற்களில் ஒன்று முறிந்திருந்தாலும் கருவி நொண்டும்.

மரம் இறக்கிய எஃகு இழைப்புளியில் மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிளேடை நகர்த்த நாரிஸ் 1913-ல் காப்புரிமை பெற்ற திருகு அமைப்பு இருந்தால், பிளேடை அழுத்தியிருக்கும் திருகைத் தளர்த்தாமல் அதைத் தொடாதீர்கள். இறுகியிருக்கும்போது திருகித் திருகித்தான் அவற்றின் மரைகள் தேய்ந்துபோகின்றன.

மர இழைப்புளியில் பிளேடைப் பிடித்திருக்கும் ஆப்பு இறுகியிருந்தால் இரும்புச் சுத்தி வேண்டாம். உடம்பின் பின்முனையில் மரச்சுத்தியால் தட்டினால் ஆப்பு தானாகத் தளரும். தளர்ந்ததும் அப்படியே விடுங்கள், திரும்ப இறுக்கி வைக்காதீர்கள். ஈரப்பதமான ஊரிலிருந்து வறண்ட இடத்துக்கு வந்த மரம் சுருங்கும். பிளேடு சுருங்காது. நடுவில் மாட்டிய பிளேடு இரண்டு பக்கச் சுவர்களையும் பிளந்துவிடும்.

நான்காம் படி: உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்

இந்த இழைப்புளியை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? வேலைக்கு எடுக்கவா, அலமாரியில் வைக்கவா, விற்கவா, அல்லது தாத்தாவின் கை பட்டது என்பதற்காகவா?

தாத்தாவுடையது என்றால் என் கருத்து ஒன்றுதான். கைப்பிடியில் அவர் உள்ளங்கை தேய்த்த பளபளப்பும், கட்டைவிரல் பதிந்த குழிவும் இருக்கும். அதன்மேல் வார்னிஷ் போட்டால் கடையில் வாங்கின சாமான் ஆகிவிடும். தொடாதீர்கள். விற்கத்தான் என்றாலும் தொடாதீர்கள். அரிதான கருவிகளைத் தேடி வாங்குகிறவர்கள், தாங்கள் கண்டெடுத்த மாதிரியே இருப்பதைத்தான் விரும்புவார்கள். மறு பெயின்ட் அடித்ததைப் பார்த்தால் பெயின்டுக்குக் கீழே எந்த விரிசலை மறைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம்தான் அவர்களுக்கு முதலில் வரும். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், ஈட்டி இனத்து மரங்கள் 2017 முதல் மொத்தமாகச் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதையும், பிரேசில் ஈட்டி 1992-லிருந்தே மிகக் கடுமையான பட்டியலில் இருப்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு விசாரியுங்கள்.

வேலைக்கு என்றால் மட்டும்தான் கேள்வி உண்மையில் கடினமாகிறது.

ஐந்தாம் படி: எந்த வழி?

எனக்குத் தெரிந்து நான்கு வழிகள். அப்படியே விட்டு, துரு மேலும் பரவாமல் மட்டும் பார்த்துக்கொள்வது. மெதுவாகச் சுத்தம் செய்து நிறுத்திக்கொள்வது. பழைய பாகம் எதையும் அழிக்காமல் வேலை செய்ய வைப்பது. முழுக்கப் பிரித்து, பெயின்ட் அடித்து, புதுசு போல ஆக்குவது. நான்காவதை ஏற்கனவே யாரோ கெடுத்துவிட்ட கருவிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி பிரஷ் ஓடி, நிக்கல் உரிந்து, கைப்பிடி மாறி வந்திருக்கிறதா, சரி, அதில் உங்கள் ஆசை தீரச் செய்யலாம். மற்றபடி, எவ்வளவு குறைவாகச் செய்து காரியம் ஆகுமோ அவ்வளவுதான் செய்ய வேண்டும்.

என் வளைவு இழைப்புளிக்கு நான் மூன்றாவது வழியைத்தான் மனதில் வைத்திருந்தேன். குழிவான நாற்காலி முதுகு ஒன்று பாதியில் நின்றது, அதற்கு இது கிடைத்தால் எப்படி இருக்கும் என்ற கனவு. குமிழின் அடியில் தினமும் ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டேன். பத்தாவது நாள் சால்டரிங் இரும்பின் முனையை அந்தத் திருகின் தலையில் மட்டும் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, துணி சுற்றிய கையால் திருகினேன். கால் சுற்று போனது. அந்தக் கால் சுற்றில் வந்த மகிழ்ச்சியை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பற்கள் எல்லாம் முழுசாக இருந்தன. பட்டையும் சீராக வளைந்தது.

அப்புறம் வாயின் மூலையில் மண்ணெண்ணெய்ச் சோதனை செய்தேன். சாக்பீஸ் தூளில் அரை நூல் நீளத்துக்கு, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, ஒரு ஈரக்கோடு. வாயின் மூலையிலிருந்து பட்டையின் விளிம்பை நோக்கிப் போகிற விரிசல்.

வெல்டிங் வைக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். இந்தப் பட்டை வில் எஃகு. அதன் வளைந்து நிமிரும் குணமே அதற்குக் கொடுத்த பதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். பற்றவைத்த இடத்தை ஒட்டி அடுத்த வளைப்பிலேயே முறியலாம். வேறு பட்டை வெட்டிப் போடலாம், ஆனால் அசல் பட்டையைப் பிடித்திருக்கும் இணைப்புகளை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இன்னும் நூறு முறை வளைத்தால் விரிசல் குறுக்கே ஓடிவிடும், வளைக்காமல் விட்டால் அப்படியே நிற்கும். ஆகவே இரண்டாவது வழி. சுத்தம் செய்து, பட்டையை மட்டமான நிலையில் நிறுத்தி, அத்தோடு முடித்தேன்.

நாற்காலி முதுகுக்கு, அதே வளைவில் அடிப்பாகம் செதுக்கிய ஒரு சின்ன மர இழைப்புளியை நானே செய்துகொண்டேன். ஒரே வளைவுக்குத்தான் உதவும், ஆனால் அந்த வேலைக்கு அது போதும். பழைய கருவியின் விரிசலை மறந்துவிட்டு வேலை வாங்குவதைவிட இது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

வார்ப்பிரும்பு உடம்பில் விரிசல் என்றால் கதை கொஞ்சம் வேறு. பித்தளைப் பற்றோ நிக்கல் ராடோ வைத்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டிச் சூடாக்கி, மெதுவாக ஆறவிடத் தெரியாதவரிடம் கொடுத்தால் உடம்பு முறுக்கிக்கொள்ளும், புது விரிசலும் வரும். அவர் இதற்கு முன் சேர்த்த வார்ப்பு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஆறாம் படி: சுத்தம் செய்வதென்று முடிவானால்

மெதுவானதில் தொடங்கி, போதும் என்றதும் நிறுத்துங்கள். முதலில் உலர்ந்த பிரஷ். அடுத்து துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது. பல கருவிகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும். மேல்துரு மிச்சம் இருந்தால் மிக மெல்லிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் நனைத்து, முத்திரை இல்லாத இடங்களில் மட்டும் தேய்க்கலாம். செந்துரு போய், கீழே அடர்ந்த பழுப்பு மேனி தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தப் பழுப்பு கருவிக்குப் பாதுகாப்பு, வெள்ளையாக்க வேண்டாம்.

எதையும் முதலில் கண்ணில் படாத ஓர் இடத்தில் காசளவு செய்து பாருங்கள். உடம்பில் கறுப்புப் பூச்சு இருந்தால் அது ஜப்பான் பூச்சு, நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து சூட்டில் பதமாக்கியது. காரத்தில் அது உரியும். பழைய உரிமையாளர் மேலே பூசிய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காயவைத்துத் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கிட்டவே போகாதீர்கள்.

பித்தளைப் பாகங்களைப் பார்த்ததும் நம் கை புளியைத் தேடும். குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் புளி சரி. இங்கே வேண்டாம். புளியின் அமிலம் நூறு வருட நிறத்தை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடும், மரைக்குள் மாட்டிய சக்கை மறுபடி களிம்பு ஏற்றும்.

எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைப்பதும், சலவைச் சோடா நீரில் மின்சாரம் விட்டுத் துரு எடுப்பதும் வலிமையான முறைகள். சாதாரண இழைப்புளியின் இரும்பு உடம்புக்குச் செய்யலாம். வில் எஃகுப் பட்டைக்குக் கூடவே கூடாது. இரண்டிலுமே எழும் ஹைட்ரஜன், பதமேற்றிய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்யக்கூடும். நிக்கல் பூச்சு ஏற்கனவே உரிய ஆரம்பித்திருந்தால் அங்கும் வேண்டாம், தகடு தகடாகக் கழன்று வரும். மரம் இறக்கிய எஃகு இழைப்புளியை எந்தத் தண்ணீரிலும் முக்காதீர்கள். மரம் ஊதும், நடுவில் தங்கிய ஈரம் வெளியே தெரியாமல் உள்ளே தின்னும். மின்சார முறையைச் செய்தே தீர வேண்டும் என்றால் திறந்த வெளியில் செய்யுங்கள், எதிர்முனைக்குச் சாதாரண இரும்பு வையுங்கள். எவர்சில்வர் வைத்தால் நச்சுக் குரோமியம் அந்த நீரில் கரையும்.

கைப்பிடி உடைந்திருந்தால் புதிது கடையாமல் பழையதை ஒட்டவே பாருங்கள். ஈட்டி மரம் எண்ணெய்ப் பசையுள்ளது. ஒட்டும் முகத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, உடனே ஒட்டினால்தான் பசை பிடிக்கும். உடைந்த முகத்தைத் தேய்த்து மட்டமாக்காதீர்கள், அந்த நார்கள்தான் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும்.

பிளேடைச் சாணை பிடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம். அசல் பிளேடு அரிதானது என்றால் அதைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிட்டு, வேலைக்கு வேறு பிளேடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாணைக்கும் முத்திரையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது அந்த பிளேடுதான். கிரைண்டரில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். கையால் கல்லில் தீட்டுங்கள், தண்ணீர் தொட்டுக்கொண்டே.

ஏழாம் படி: வைக்கும் இடம்

இரும்புக்கு மெல்லிசாக மெழுகு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகக் கெட்டுப்போகும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு மாதம் ஒரு தடவை எடுத்துத் துடைக்க வேண்டும், மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒரு தடவை. செய்தித்தாளில் சுற்றாதீர்கள், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பருத்தித் துணி போதும். பிளேடையும் ஆப்பையும் தளர்த்தி வையுங்கள்.

கூடவே ஒரு தாள். எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில், என்ன நிலையில் இருந்தது, நீங்கள் எதைச் செய்தீர்கள், எதைச் செய்யாமல் விட்டீர்கள், ஏன் என்று எழுதுங்கள். என் வளைவு இழைப்புளியின் பெட்டிக்குள் உள்ள தாளில் கடைசி வரி இது: “வாயின் வலது மூலையில் விரிசல், அரை நூல். பட்டையை வளைக்க வேண்டாம்.” அடுத்த முறை துடைக்க எடுக்கும்போது சாக்பீஸ் தூளோடு அந்த அளவை மறுபடி பார்ப்பேன், தேதி போட்டுக் கீழே எழுதுவேன்.